சீரிஸ் முடிச்சாச்சு, இனி புத்தகம்: எந்த ரகசிய வாரிசு தியரிய நம்பிப் படிக்கலாம்?

கேம் ஆஃப் த்ரோன்ஸ் 73 எபிசோடும் பாத்து முடிச்சு, கடைசி சீசன் மேல இருக்கற கடுப்புல "சரி, புத்தகத்தயாச்சும் படிச்சுப் பாப்போம்"னு இறங்கறவங்களுக்குதான் இத எழுதறேன். சீரிஸ் இன்னும் பாக்காதவங்க இதோட நிறுத்திக்கங்க, கீழ எல்லாத்தயும் போட்டு ஒடச்சிருக்கேன், அப்புறம் வந்து திட்டக் கூடாது.

விஷயம் என்னன்னா, சீரிஸுக்கு மூலமான ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் நாவல்கள்ல முதல் புத்தகம் 1996ல வந்துச்சு, 5வது 2011ல வந்துச்சு, 6வது இன்னும் வரல, அதனால நீங்க எவ்வளவு பொறுமையா படிச்சாலும் கடைசில அந்தரத்துலதான் போய் நிப்பீங்க, நின்னதும் கை தானா தியரி தேடும், தேடுனா பாதிக்கு மேல "இவன் உண்மைல ராஜ வம்சம்"ங்கற ரகமாதான் இருக்கும். ஜான், டிரியன், யங் கிரிஃப், வேரிஸ், ஏன், டனேரிஸே டனேரிஸ் இல்லன்னு சொல்ற ஒரு கோஷ்டி கூட இருக்கு. இது எல்லாத்தயும் மண்டைல ஏத்திக்கிட்டு படிச்சா ஒரு பக்கம் நிம்மதியா ஓடாது, வர்றவன் போறவன் முடி கலரயெல்லாம் சந்தேகமா பாத்துட்டு இருப்பீங்க. அதனால ஒண்ண மட்டும் எடுத்துக்கங்க. எத எடுக்கறதுங்கறதுதான் கேள்வி.

நான் பாக்கறது ரெண்டு விஷயம். எழுத்துல ஆதாரம் இருக்கா, அது ஒண்ணு. இன்னொண்ணு, அது உண்மைன்னு ஆயிடுச்சுன்னா கதைல யாருக்கு என்ன நஷ்டம். நிறைய பேரு முதல் கேள்வியோட நிறுத்திடறாங்க, துப்பு கிடைச்சா போதும், இவன் அவரு பையன்னு நிரூபிச்சா போதும், கைதட்டிட்டு அடுத்த தியரிக்கு போயிடறாங்க. ஆனா ஒளிஞ்சிருக்கற ராஜ ரத்தம்ங்கறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல, கர்ணன் கதைல நம்மள பிடிச்சு உலுக்கறது அவன் குந்தி பையன்ங்கற தகவலா? அது தெரிஞ்சதுக்கு அப்புறமும் அவன் துரியோதனன் பக்கம் நிக்கறதும், தெரிஞ்சதாலயே அவனுக்கு கை கட்டிப் போறதும்தான். ரகசியம் வெளிய வந்தா யாரோ எதையோ இழக்கணும். அந்த அளவுகோல்ல வச்சுதான் ஒவ்வொண்ணயும் பாக்கப் போறேன்.

முதல்ல ஜான் ஸ்னோ. ஆர் பிளஸ் எல் ஈக்வல் டு ஜே, டார்கேரியன் பட்டத்து இளவரசர் ரேகார் பிளஸ் நெட் ஸ்டார்க் தங்கச்சி லியானா, பிறந்தது ஜான். இது இப்ப தியரியே இல்ல, 2016ல 6வது சீசன் கடைசி எபிசோட்ல ஜான் பிறந்த அந்தக் கோபுரத்த, டவர் ஆஃப் ஜாய காட்டுனப்பவே பாதி உடைஞ்சுடுச்சு, 2017ல 7வது சீசன் முடிவுல பேரு ஏகான் டார்கேரியன், அப்பா அம்மாவுக்கு முறைப்படி கல்யாணம் நடந்துச்சுன்னு மிச்சமும் வந்துடுச்சு. சீரிஸ் எடுத்த பெனியோஃபும் வைஸும் முதல்முதல்ல மார்ட்டினப் பாக்கப் போனப்ப, ஜானோட அம்மா யாருன்னு அவர் கேட்டாரு, இவங்க சரியா சொன்னாங்கன்னு அவங்களே பேட்டில சொல்லிருக்காங்க, அதனால புத்தகத்துலயும் இதுதான்னு தைரியமா வச்சுக்கலாம்.

ஆதாரம்னு பாத்தா இத அடிச்சுக்க ஆள் இல்ல. முதல் புத்தகத்துல கால் ஒடஞ்சு காய்ச்சல்ல கிடக்கற நெட் ஸ்டார்க்குக்கு ஒரு கனவு வரும், அத படிங்க. நெட்டோட சேத்து 7 பேரு ஒரு பக்கம், ராஜாவோட மெய்க்காவலர்களான கிங்ஸ்கார்ட் 3 பேரு ஒரு பக்கம். நெட் ஒவ்வொரு இடமா சொல்லிக் கேப்பாரு, டிரைடன்ட் சண்டைல உங்கள தேடுனேன், கிங்ஸ் லேண்டிங் விழுந்தப்ப எங்க இருந்தீங்க, ராணியும் விசேரிஸும் டிராகன்ஸ்டோனுக்கு கப்பல்ல தப்பிச்சப்ப கூட போயிருப்பீங்கன்னு நெனச்சேன்னு. அவங்க அசைய மாட்டாங்க, கிங்ஸ்கார்ட் ஓடறதில்லன்னு பதில் வரும். இப்ப யோசிங்க, ராஜா செத்துட்டாரு, பட்டத்து இளவரசர் செத்துட்டாரு, மிச்சம் இருக்கற பையன் டிராகன்ஸ்டோன்ல இருக்கான், ராஜாவ காக்கறதுதான் இவங்க சத்தியம், அப்புறம் எதுக்கு மூணு பேரும் மலைக்கு நடுவுல ஒரு கோபுரத்த காவல் காக்கறாங்க? அந்தக் கோபுரத்துலதான் ராஜா இருக்கான்னா எல்லாம் பொருந்தும்.

எனக்கு இதவிட பிடிச்ச துப்பு ஒண்ணு இருக்கு, அது சீரிஸ்ல வரவே வராது. ராபர்ட்டோட கள்ளக் குழந்தைகள தேடி நெட் விபச்சார விடுதிக்கு போயிட்டு திரும்பி வர்றப்ப, ரேகார் இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போயிருப்பானான்னு ஒரு நிமிஷம் யோசிப்பாரு, இருக்காதுன்னு தோணும், அவ்வளவுதான். தங்கச்சிய தூக்கிட்டு போனவன்னு ஊரே சொல்ற ஒருத்தன் மேல அண்ணனுக்கு மனசுல கோபம்னு ஒரு துளி இல்ல. ராபர்ட் அதே ரேகார் பேர கேட்டாலே எகிறுவான். இந்த வித்தியாசத்த ஒரே வரில போட்டுட்டு மார்ட்டின் பாட்டுக்கு நகந்துடுவாரு.

சரி, அப்ப ஜான எடுத்துக்கலாமான்னா, வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஏன்னா உங்களுக்கு அது ஏற்கெனவே விடை தெரிஞ்ச விடுகதை. நீலக் குளிர்கால ரோஜா வர்ற இடத்துல எல்லாம் "ஆங், இது லியானா"ன்னு தலையாட்டிட்டு போவீங்க, ஹேரன்ஹால் போட்டில ரேகார் சொந்தப் பொண்டாட்டி எலியாவ தாண்டிப் போய் அந்த ரோஜா மாலைய லியானா மடில வச்ச கதையும், 2வது புத்தகத்துல டனேரிஸ் காட்சில பனிச் சுவர் விரிசல்ல பூத்த நீலப் பூவும் சந்தோஷமாதான் இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா அதுல நீங்க கண்டுபிடிக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல.

ரெண்டாவது கேள்விக்கு வந்தா இன்னும் மோசம், அது சீரிஸோட தப்பு. 8வது சீசன் முதல் எபிசோட்ல சாம் வந்து கல்லறைல வச்சு சொல்றான், ரெண்டாவது எபிசோட்ல ஜான் டனேரிஸ்கிட்ட சொல்றான், அப்புறம்? அவன் வாய்ல "எனக்கு வேணாம்"ங்கறத தவிர ஒண்ணும் வரல. டனேரிஸ்க்கு இழப்பு இருக்கு, ஒத்துக்கறேன், வேரிஸ் இந்த ரகசியத்த பரப்பப் போய் டிராகன் தீயில போறாரு, அதுவும் இருக்கு. ஆனா ரகசியத்துக்கு சொந்தக்காரனுக்கு? டிராகன்பிட்ல எல்லா பிரபுக்களும் உக்காந்து அடுத்த ராஜா யாருன்னு பேசறப்ப ரேகார் பையன் ஒருத்தன் சிறைல இருக்கான்னு ஒருத்தர் வாய்லயும் வரல. 20 வருஷமா ஃபேன்ஸ் கட்டுன கோட்டை அது, ஒரு வரி வசனத்துக்கு கூட தேறல.

இப்ப யங் கிரிஃப். சீரிஸ் மட்டும் பாத்தவங்களுக்கு இந்தப் பேரே புதுசா இருக்கும், ஏன்னா மொத்தமா தூக்கிட்டாங்க. 5வது புத்தகத்துல டிரியன் தப்பிச்சுப் போறப்ப ஒரு படகுல ஏத்தி விடுவாங்க, அதுல கிரிஃப்னு ஒரு முரட்டு ஆளும் நீல முடி சாயம் பூசுன அவன் பையனும் இருப்பாங்க. டிரியன் கொஞ்ச நாள்ல புடிச்சிடுவான், பெரியவரு நாடு கடத்தப்பட்ட ஜான் கானிங்டன், ரேகாரோட உயிர் நண்பர், பையன் ரேகாருக்கும் எலியாவுக்கும் பிறந்த ஏகான். ஆமா, கிரெகார் கிளேகேன் சுவத்துல அடிச்சுக் கொன்னதா எல்லாரும் நம்பற அதே குழந்தை. வேரிஸ் முன்னாடியே ஒரு தோல் பதனிடறவன் குழந்தைய வாங்கி மாத்தி வச்சுட்டாரு, செத்தது அந்தக் குழந்தைன்னு கதை.

அப்ப இது ரகசிய அடையாளம் வெளிப்பட்ட கதைதானே, இதுல தியரி எங்கன்னு கேப்பீங்க. ஃபேன்ஸ் சொல்றது, இவன் ஏகானே இல்ல. ஆனா ராஜ ரத்தம் இல்லாதவனும் இல்ல. பிளாக்ஃபயர்.

பிளாக்ஃபயர் யாருன்னு தெரியாதவங்களுக்கு: நாலாம் ஏகான்னு ஒரு கேடுகெட்ட ராஜா, தன்னோட கள்ளப் பிள்ளை டேமனுக்கு வம்சத்து வாளையே தூக்கிக் குடுத்துட்டான், அந்த வாள் பேருதான் பிளாக்ஃபயர், அதயே குடும்பப் பேரா வச்சுக்கிட்டு டேமன் சிம்மாசனம் கேட்டு, கதை உலக வருஷக் கணக்குல 196ல, கலகம் பண்ணான். டார்கேரியன் கொடில கறுப்பு மேல சிவப்பு டிராகன், இவன் அத திருப்பிப் போட்டு சிவப்பு மேல கறுப்பு டிராகன். தோத்தாங்க, கடல் தாண்டி ஓடுனாங்க, அங்க பிட்டர்ஸ்டீல்னு இன்னொரு கள்ளப் பிள்ளை உருவாக்குன கூலிப்படைதான் கோல்டன் கம்பெனி. அந்த ஆள் சாகறப்ப தன்னோட மண்டை ஓட்டுக்கு தங்கம் பூசி, ஊருக்கு திரும்பி சிம்மாசனத்த பிடிக்கப் போறப்ப முன்னாடி தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லிட்டு செத்தவன். சீரிஸ்ல 8வது சீசன்ல செர்சி காசு குடுத்து கூட்டிட்டு வந்து ஒரே எபிசோட்ல சாம்பலாகிப் போன கூட்டம் இதான், யானை வரலன்னு அவ வருத்தப்பட்டது மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

புத்தகத்துல இதே கோல்டன் கம்பெனிதான் யங் கிரிஃப் பின்னாடி நிக்குது. கேள்வி இங்கதான் ஆரம்பிக்குது. டார்கேரியன்கள எதிர்க்கறதுக்குன்னே பிறந்த ஒரு படை, வாக்கு தவறாதவங்கன்னு பேரெடுத்த படை, மிர் நகரத்தோட போட்ட ஒப்பந்தத்த பாதில கிழிச்சுட்டு ஒரு டார்கேரியன் பையனுக்கு எதுக்கு சண்டை போட வரணும்? டிரியன் இதயே, அவனுக்கு அடைக்கலம் குடுத்த பென்டோஸ் பணக்காரன் இல்லிரியோகிட்ட நேரா கேப்பான். அந்த ஆளு கறுப்போ சிவப்போ டிராகன் டிராகன்தான்னு மழுப்புவாரு, அப்புறம் போற போக்குல, ஸ்டெப்ஸ்டோன்ஸ் தீவுகள்ல மேலிஸ்ங்கற பிளாக்ஃபயர் செத்ததோட பிளாக்ஃபயர் ஆண் வழி முடிஞ்சு போச்சுன்னு சொல்லுவாரு. ஆண் வழி. பெண் வழி என்னாச்சுன்னு கேக்க நமக்கு தோணும்படியா அந்த வரிய அப்படியே தொங்க விட்டிருப்பாரு மார்ட்டின்.

பென்டோஸ்ல வர்ற அந்த ஆரம்ப டிரியன் அத்தியாயங்கள நிறைய பேரு வெறும் சாப்பாடும் புலம்பலும்னு ஓட்டி விட்டுடுவாங்க. ஓட்டாதீங்க. இல்லிரியோ வீட்டுல டிரியனுக்கு உடுத்த ஒரு சின்னப் பையனோட பழைய துணி குடுப்பாங்க, நல்ல தையல், பெட்டிக்குள்ள கிடந்த வாடை. அந்த வீட்டுல குழந்தையே கிடையாது. வழி அனுப்பறப்ப இல்லிரியோ, பெட்டில பையனுக்கு கொஞ்சம் இஞ்சி முரப்பா வச்சிருக்கேன், அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும்னு சொல்லுவாரு, அந்த நேரத்துல அந்தக் குண்டு மனுஷன் முகத்துல ஏதோ ஒரு சோகம் தெரியும். அடிமைய வித்து வாங்கிக் காசு சேத்தவன், டனேரிஸ டிரோகோவோட குதிரைக் கூட்டத்துக்கு வித்தவன், யாரோ ஒரு ராஜா பெத்த பையனுக்கு முரப்பா குடுத்து விட்டுட்டு ஏன் கண் கலங்கணும்? அதே பயணத்துல செத்துப்போன ரெண்டாவது பொண்டாட்டி செர்ரா பத்தி பேசுவாரு, லைஸ் நகரத்து விடுதில கண்டெடுத்தவ, லாக்கெட்ல இருக்கற படத்துல தங்க முடில வெள்ளி இழை ஓடும், நீலக் கண்ணு, அவ கைகள இன்னும் படுக்கை அறைல வச்சிருக்கேன்னு வேற சொல்லுவாரு, அந்த இடத்துல நமக்கே ஒரு மாதிரி ஆயிடும். வெள்ளி இழை ஓடற முடிய மார்ட்டின் சும்மா யாருக்கும் குடுக்க மாட்டாரு. அவ பிளாக்ஃபயர் பெண் வழி, பையன் இல்லிரியோவுக்கும் அவளுக்கும் பிறந்தவன்னு தியரி.

இன்னொண்ணு 4வது புத்தகத்துல பிரியன் அத்தியாயத்துல இருக்கு. மெரிபால்ட்னு ஒரு நாடோடி சாமியார் ஒரு சத்திரத்தோட கதைய சொல்லுவாரு. சத்திரக்காரன் கறுப்பு இரும்புல மூணு தலை டிராகன் பலகை ஒண்ணு வாசல்ல மாட்டிருந்தான், கறுப்பு டிராகன் கலகக்காரன் சின்னம் ஆனதும் அந்தப் பகுதி பிரபுவுக்கு கோபம் வந்து அத வெட்டித் துண்டாக்கி ஆத்துல எறிஞ்சுட்டாரு, பல வருஷம் கழிச்சு ஒரு தலை மட்டும் ஒரு தீவுல கரை ஒதுங்குச்சு, அப்ப அது துரு ஏறி சிவப்பா இருந்துச்சுன்னு. கறுப்பா போனது தண்ணி தாண்டி சிவப்பா திரும்பி வந்துச்சு. 5வது புத்தகத்துக்கு ஆறு வருஷம் முன்னாடி, 2005ல வந்த புத்தகத்துல இத எழுதி வச்சுட்டு ஆளு கம்முனு இருந்திருக்காரு.

எதிர்த் தரப்பு என்ன சொல்லுவாங்கன்னா, 5வது புத்தகம் கடைசில வேரிஸ் டைவின் தம்பி கெவன் லேனிஸ்டர கொல்றப்ப, செத்துட்டு இருக்கற ஆள்கிட்ட ஏகான் உயிரோட இருக்கான்னு சொல்றாரு, சாகப் போறவன்கிட்ட எதுக்கு பொய் சொல்லணும்னு. நல்ல வாதம்தான், ஆனா அந்தப் பேச்ச பொறுமையா படிங்க, வேரிஸ் முழுக்க பேசறது பையன் வளர்ந்த விதத்தப் பத்தி, நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே ஆளறதுக்கு பழக்குனோம், மீன் புடிச்சிருக்கான், வலை தச்சிருக்கான், பசின்னா என்னன்னு தெரியும், செர்சி பையன் டாமனுக்கு சிம்மாசனம் உரிமை, இவனுக்கு கடமைன்னு. நான் வாதாடறப்ப எல்லாம் இந்த இடத்ததான் காட்டுவேன், ரத்தத்தப் பத்திப் பேசாம ரத்தத்த நம்ப வைக்கறாரு.

நஷ்டக் கணக்குக்கு வாங்க. பையனுக்கு தான் யாருன்னு தெரியாது, அவன் உண்மையாவே நம்பறான், அது முதல் விஷயம். கெட்டவனும் இல்ல, பெரிய ஞானியும் இல்ல. டிரியன் அவன்கூட சிவாஸ்னு சதுரங்கம் மாதிரி ஒரு ஆட்டம் விளையாடுவான், டிராகன பக்கத்துலயே வச்சுக்கோ, யாரையும் நம்பாதன்னு அறிவுரை சொல்லிட்டே அவன தோக்கடிப்பான், அடுத்த நிமிஷம் பையன் எந்திரிச்சு பலகைய எட்டி உதைப்பான். அவ்வளவுதான், அந்த ஒரு உதைல ஒரு வாலிபப் பையன் முழுசா தெரிஞ்சிடுவான். கானிங்டன் நிலைமை இன்னும் கஷ்டம். ரேகார காப்பாத்த முடியாம போன குத்த உணர்ச்சியோட வாழ்ந்தவரு, அந்தப் பையன வளக்கறதுதான் பிராயச்சித்தம்னு இருக்காரு, அதுலயும் டிரியன தண்ணில இருந்து தூக்கப் போய், தோல் கல்லா மாறற கிரேஸ்கேல் வியாதி தொத்திக்கிச்சு, விரல் கறுத்துட்டு வருது, யாருக்கும் சொல்லல. (அந்த வியாதியதான் சீரிஸ்ல ஜோராவுக்கு குடுத்து சாம் வச்சு உரிச்சு எடுத்தாங்க.) இப்ப அந்தப் பையன் பிளாக்ஃபயர்னா, இந்த மனுஷன் தன் நண்பனோட குடும்பத்த எதிர்த்தவங்க வாரிசுக்கு உயிரக் குடுத்திருக்காரு. எலியா பிறந்த டோர்ன்க்காரங்க தங்கச்சி பையன்னு நம்பி சேந்தா அவங்க கதியும் அதேதான்.

டனேரிஸ்க்கு வர்ற நஷ்டம்தான் எல்லாத்துலயும் பெருசு. 2வது புத்தகத்துல அவ காட்சில கூட்டம் ஆரவாரம் பண்ண, கம்புல கட்டி ஆட்டற துணி டிராகன் ஒண்ணு வரும். அதாவது அவ போய் சேர்றதுக்கு முன்னாடியே ஜனங்க இன்னொரு டிராகன கொண்டாடிட்டு இருப்பாங்க. சீரிஸ்ல அவ கிங்ஸ் லேண்டிங்க எரிச்சது ஏன் திடீர்னு தோணுச்சு? என்னக் கேட்டா, நடுவுல இருக்க வேண்டிய யங் கிரிஃப் இல்லாததுதான். ஜனங்க விரும்பற வாரிசு, டனேரிஸவிட முன்னுரிமை இருக்கற வாரிசுங்கற பாரத்த மொத்தமா ஜான் தலைல ஏத்திட்டாங்க, ஏகான்ங்கற பேரு உட்பட. ரேகாருக்கு ஏற்கெனவே ஒரு ஏகான் பையன் இருந்தான், சீரிஸ்லயும் அப்படித்தான், அப்புறம் ரெண்டாவது பையனுக்கும் அதே பேரு எந்த ஊர் அப்பன் வைப்பான்? எனக்கு அது யங் கிரிஃப் கதைய மடிச்சு ஜான் சட்டைப் பைல சொருகுன தடயமாதான் தெரியுது.

டிரியன் தியரிக்கு வருவோம், ஏ பிளஸ் ஜே ஈக்வல் டு டி. பைத்தியக்கார ராஜா ஏரிஸுக்கும் டைவின் பொண்டாட்டி ஜோவானாவுக்கும் பிறந்தவன் டிரியன்னு. இத நம்பறவங்க ரொம்ப தீவிரமா நம்பறாங்க, 6வது சீசன்ல அவன் கீழ இறங்கிப் போய் ரெண்டு டிராகன் சங்கிலிய கழட்டி விட்டதும் ஒரே கொண்டாட்டம். ஆதாரம் இல்லாமயும் இல்ல. ஏரிஸுக்கு ஜோவானா மேல கண்ணு, டைவின் கல்யாணத்துலயே எல்லை மீறி நடந்துக்கிட்டான்னு 5வது புத்தகத்துல ஏரிஸோட பழைய மெய்க்காவலர் பேரிஸ்டன் டனேரிஸ்கிட்ட சொல்லுவாரு. 2014ல வந்த வரலாற்றுத் துணைநூல்ல 272ல ஜோவானா தலைநகருக்கு வந்ததா இருக்கு, டிரியன் பிறந்தது 273. புத்தகத்துல அவன் முடி கிட்டத்தட்ட வெள்ளை, ஒரு கண்ணு பச்சை ஒரு கண்ணு கறுப்பு. சின்ன வயசுல டிராகன் கனவு வேற. சாகறப்ப டைவின் கடைசியா சொன்னதே நீ என் பையன் இல்லன்னுதான்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நஷ்டக் கணக்குல இது தலைகீழ், இது உண்மைன்னா நஷ்டம் கதைக்கு. டைவினுக்கு மூணு குழந்தைல அவர மாதிரியே மூளை உள்ளது, அவர மாதிரியே அரசியல் பண்ணத் தெரிஞ்சது, அவர மாதிரியே மன்னிக்கத் தெரியாதது, அவர் வெறுத்த அந்த ஒரே பையன்தான். 4வது புத்தகத்துல ஜேமியோட அத்தை ஜென்னா அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க, டிரியன்தான் டைவின் மகன், நீ இல்லன்னு. இத ஒரு தடவ டைவின்கிட்டயே சொன்னதுக்கு அவரு அரை வருஷம் பேசவே இல்லன்னும் சொல்லுவாங்க. இப்படி ஒரு வலிய கட்டி வச்சுட்டு, "அட, உண்மையாவே அவரு அப்பா இல்ல"ன்னு சொன்னா டைவின் வெறுப்புக்கு ஒரு நியாயம் கிடைச்சிடும், அப்பன கொன்ன பாவத்துல இருந்தும் டிரியன் சுலபமா தப்பிச்சிடுவான். ரெண்டு பேருக்கும் லாபம், வாசகனுக்கு நட்டம். டிராகனுக்கு மூணு தலை வேணும், மூணாவது சவாரிக்கு ரத்தம் வேணும்னு ஒரு வாதம் வரும், அதுக்கும் டார்கேரியன் சரித்திர நூல்லயே பதில் இருக்கு, நெட்டில்ஸ்னு ஒரு ஏழைப் பொண்ணு, தினமும் காலைல ஒரு ஆட்ட கொண்டு போய் குடுத்து குடுத்தே ஷீப்ஸ்டீலர்ங்கற காட்டு டிராகன பழக்கிடுவா. அவ ரத்தம் என்னன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் உறுதியா தெரியாது. ஹவுஸ் ஆஃப் த டிராகன் பாத்துட்டு இவள தேடாதீங்க, அங்க அவ வேலைய ரேனாகிட்ட குடுத்துட்டாங்க, எனக்கு அதுல செம கடுப்பு.

டனேரிஸ் எலுமிச்ச மரத் தியரி சும்மா ஜாலிக்கு. சின்ன வயசுல பிராவோஸ்ல சிவப்புக் கதவு வீட்டுல இருந்தோம், ஜன்னலுக்கு வெளிய எலுமிச்ச மரம்னு அவளுக்கு ஞாபகம், ஆனா பிராவோஸ்ல பெரிய மனுஷங்க தோட்டத்த தவிர மரமே வளராதுன்னு பின்னாடி வரும், எலுமிச்சை விளையறது டோர்ன்ல, அப்ப அவ வளர்ந்ததே டோர்ன், அவ யாரோ. ஒரு மரத்த வச்சு ஒரு பரம்பரையே மாத்தறாங்க. டனேரிஸ் அண்ணன் விசேரிஸுக்கும் டோர்ன் இளவரசி அரியானுக்கும் போட்ட ரகசியக் கல்யாண ஒப்பந்தம் பிராவோஸ்ல அந்த ஊர ஆளற சீலார்ட் சாட்சியா வச்சுதான் எழுதப்பட்டதுன்னு 5வது புத்தகத்துல வருது, அவர் மாளிகைத் தோட்டத்துல ஒரு எலுமிச்ச மரம் இருந்தா குடியா முழுகிப் போச்சு? வேரிஸ் மொட்டை அடிக்கறது வெள்ளி முடிய மறைக்கத்தான்ங்கறது இத விட சுவாரஸ்யம், ஆனா அது தனியா நிக்காது, பிளாக்ஃபயர் தியரிக்கு வாலா வரும், பையனுக்கு அவரு ஏன் இவ்வளவு பண்றாருங்கறதுக்கு ஒரு காரணம் குடுக்கும். மேன்ஸ் ரேடர்தான் ரேகார்னு சொல்றவங்கள பாத்தா சிரிச்சுட்டு போயிடுங்க.

ஆக, நான் சொல்றது பிளாக்ஃபயர். எல்லாருக்கும் அதேதானான்னா இல்ல. முதல் புத்தகம் மட்டும் படிச்சுட்டு நிறுத்திடுவேன், அவ்வளவு தடிமனெல்லாம் நம்மால ஆகாதுன்னு தெரிஞ்சா ஜானே போதும், அந்தப் புத்தகம் முழுக்க நெட்டோட மௌனம்தான், அத ரசிக்க ஜான் தியரி வேணும். போதாக்குறைக்கு பிறப்பு ரகசியத்த எப்படி துப்பறியறதுன்னு அந்தப் புத்தகமே சொல்லிக் குடுக்குது, நெட் அந்த வம்ச வரலாற்றுப் புத்தகத்த புரட்டி பராத்தியன் குழந்தைங்க எல்லாம் கறுப்பு முடின்னு ஒவ்வொண்ணா பாத்து செர்சி குழந்தைங்க ராபர்ட்டுக்கு பிறந்ததில்லன்னு முடிவுக்கு வர்ற இடம் இருக்கே, அதுக்கப்புறம்தான் ஃபேன்ஸ் எல்லாருமே முடி கலர நோண்ட ஆரம்பிச்சிருக்கணும்.

5 புத்தகமும் படிக்கப் போறீங்கன்னா பிளாக்ஃபயர எடுங்க, ஒரே ஒரு நிபந்தனை, 4வது புத்தகத்த போர்னு தாண்டக் கூடாது, 5வதுல டிரியன் பயணத்த வேகமா ஓட்டக் கூடாது, துப்பு பூரா அங்கதான் கொட்டிக் கிடக்கு. முடிச்சதும் 6வது புத்தகத்துல இருந்து மார்ட்டின் முன்கூட்டியே வெளியிட்ட அரியான் அத்தியாயங்கள படிங்க. டோர்ன்ல டோரன் தன் பொண்ண அனுப்பறாரு, போய் அந்தப் பையன நேர்ல பாரு, அவன் நிஜமாவே எலியா பெத்ததான்னு தெரிஞ்சுட்டு வான்னு. அவ வழில கேள்விப்படறது எல்லாம் கோல்டன் கம்பெனி எந்தக் கோட்டைய பிடிச்சுதுங்கறதுதான், பையன் முகத்த இன்னும் பாக்கல.